போர்ட் லூயிஸுக்கு அரை நாள் போதுமா?

கேள்வி: டிசம்பரில் நானும் மனைவியும் அம்மாவும் மொரீஷியஸ் போகிறோம். சென்னையில் என்னோடு கல்லூரியில் படித்த இரண்டு மொரீஷியஸ் தமிழ் நண்பர்கள், தலைநகரைத் தாங்களே சுற்றிக் காட்டுவதாகச் சொல்கிறார்கள். டிராவல்ஸ்காரரோ, "போர்ட் லூயிஸில் ஒன்றும் இல்லை சார், அரை நாள் போதும், மிச்சத்தைக் கடற்கரையில் கழியுங்கள்" என்கிறார். எத்தனை நாள் ஒதுக்கலாம்? எதைப் பார்க்கலாம்? நண்பர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் எப்படிப் போய்வருவது?

பதில்: கும்பகோணம் பக்கம் பிறந்தவள் நான். மொரீஷியஸிலேயே பிறந்து வளர்ந்த தமிழரைக் கல்யாணம் செய்துகொண்டு 14 வருடமாக ரோஸ்ஹில்லில் இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவரையும் போர்ட் லூயிஸுக்குக் கூட்டிப் போவது என் வேலையாகவே ஆகிவிட்டது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இரண்டு காலைப் பொழுதுகளை ஒதுக்குங்கள். இரண்டும் வேலை நாளாக இருந்தால் நல்லது.

ஏன் காலை என்றால், இது பகல் ஊர். வேலைக்கும் கடைக்கும் ஜனங்கள் காலையில் வந்து நிறைகிறார்கள். சாயங்காலம் 5 மணிக்குள் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலைச் சந்தை முடிந்தபின் தெருவில் ஆளே இருக்காது. அப்படி ஒரு ஞாயிறு மதியம் வந்து பார்த்தவர்கள்தான் "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வெயிலையும் யோசியுங்கள். ஊருக்குப் பின்னால் மலைகள் வளைத்து நிற்பதால் காற்று வராது. டிசம்பர் இங்கே கோடைக்காலம். 11 மணிக்கு மேல் உங்கள் அம்மாவை நடக்க வைக்காதீர்கள்.

நண்பர்கள் காரில் கூட்டிப் போகிறேன் என்றால், வேண்டாம், மெட்ரோவில் போகலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். தலைநகருக்குள் காரை நுழைப்பதும் நிறுத்துவதும் இங்குள்ளவர்களுக்குத் தினப்படி தலைவலி. விருந்தாளி முன்னால் சொல்ல மாட்டார்கள். கியூர்பிப்பிலிருந்து கத்ர்போர்ன், ரோஸ்ஹில் வழியாக மெட்ரோ நேராகப் போர்ட் லூயிஸ் போகிறது. வழியில் கொரமண்டல் என்று ஒரு ஸ்டேஷன் வரும். நம் சோழமண்டலம்தான் பிரெஞ்சுக்காரர் வாயில் அப்படியாகி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. தலைநகருக்குள்ளேயே ட்ராங்க்பார் என்று ஒரு பகுதியும் உண்டு. அது தரங்கம்பாடி. இந்த ஊரில் நம் பெயர்கள் இப்படித்தான் வேறு உடுப்பில் எதிரே வரும். நண்பர்கள் சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகியதால் அவர்களுக்கு அது தெரிவதில்லை. உங்கள் காதுக்குத் தெரியும். அதனால் நீங்களும் அவர்களுக்கு எதையாவது காட்டுவீர்கள், அவர்கள் மட்டும் உங்களுக்குக் காட்டுவார்கள் என்று நினைக்காதீர்கள்.

முதல் காலை சந்தையில் ஆரம்பியுங்கள். சென்ட்ரல் மார்க்கெட் என்று பலகையில் இருக்கும், ஜனங்களுக்கு அது பஸார். 8 மணிக்குள் போய்விட்டால் காய்கறிப் பக்கம் நன்றாக இருக்கும். அங்கே எதையும் விலை கேட்காமல் பத்து நிமிஷம் சும்மா நின்று காது கொடுங்கள். கிரியோல் மொழியில் கூவுவார்கள். கொத்தமல்லிக் கட்டைத் தூக்கிக் காட்டி "கோத்தோமிலி" என்பார்கள். கறிவேப்பிலை "கரிபூலே". பீர்க்கங்காய் "பிப்பங்காய்". முருங்கைக்கீரைக்குப் பெயர் "ப்ரெட் முரும்". ப்ரெட் என்றால் கீரை, முரும் எது என்று சொல்ல வேண்டியதில்லை. இதையெல்லாம் சொல்கிறவர் ஆப்பிரிக்க வம்சாவளியாக இருக்கலாம், சீனராக இருக்கலாம், முஸ்லிமாக இருக்கலாம். தமிழ் பேச்சு வீடுகளிலிருந்து பெரும்பாலும் போய்விட்ட ஒரு தீவில், சமையல்கட்டுச் சொற்கள் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக நின்றுவிட்டன. என் மாமியாருக்குத் தமிழில் நாலு வாக்கியம் சேர்த்துப் பேச வராது. ஆனால் கரிபூலே இல்லாமல் ரசம் வைக்கிற மருமகளை அவர் மன்னிக்க மாட்டார்.

காலைச் சாப்பாடும் அங்கேதான். தால்பூரி ஜோடியாகத்தான் தருவார்கள், பட்டாணிப் பருப்புப் பூரணம் உள்ளே வைத்த மெல்லிய ரொட்டி, மேலே பெரிய பயறுக் குழம்பும் தக்காளியும் சட்னியும். அம்மா சைவமென்றால் கவலை இல்லை. காத்தோ பிமா என்பது நம் பருப்பு வடைதான், அளவில் சின்னது. அதை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவது இந்த ஊர் வழக்கம், சாப்பிட்டுப் பாருங்கள். தேங்காய்ப்பூ தூவி விற்கிற புட்டு கிடைத்தால் வாங்குங்கள், பெயரும் புட்டேதான். கடைசியில் அலுதா: குளிர்ந்த பாலில் சப்ஜா விதையும் கடல்பாசியும் போட்டது.

காசு கொடுக்கும்போது நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் கையில் வைத்துப் பாருங்கள். அதில் இருக்கும் முகம் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழருடையது. வழக்கறிஞர், கல்வி அமைச்சராக இருந்தவர், சுதந்திரத்துக்குப் பத்து வருடம் முன்பு, 1958இல் மறைந்தார். நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கும், ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக. அந்த இரண்டாவது இடம் சும்மா வரவில்லை. 1998இல் வெளியிட்ட நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். இங்குள்ள தமிழர்கள் எதிர்த்து நின்றார்கள். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தது. தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள்கூட அந்தப் போராட்டத்தில் இருந்தார்கள். உங்கள் நண்பர்களின் அப்பா அம்மாவுக்கு அந்த நாட்கள் நன்றாக நினைவிருக்கும், கேளுங்கள்.

சந்தையிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் பிளாஸ் தார்ம். இரண்டு பக்கமும் பனை மாதிரி உயர்ந்த மரங்கள், கடைசியில் பழைய அரசு மாளிகை. கடலைப் பார்த்து நிற்கும் சிலை மாஹே த லபூர்தொனே. 1735இல் கவர்னராக வந்து, இந்தத் துறைமுகத்தைத் தலைநகராக்கியவர். 1746இல் ஆங்கிலேயரிடமிருந்து மெட்ராஸைப் பிடித்ததும் இவரேதான், கப்பல்கள் இந்தத் தீவிலிருந்துதான் கிளம்பின. ஊரைக் கட்ட அவர் காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கொண்டுவந்தார்கள். அவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் இருந்த கிழக்குப் புறநகருக்கு அந்தக் காலத்தில் மலபார் முகாம் என்று பெயர். மலபார் என்றால் அப்போது தமிழர். ஆகவே "நம்மவர்கள் கரும்பு வெட்ட வந்தவர்கள்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். கரும்புக்கு நூறு வருஷம் முன்பே கரணையோடும் உளியோடும் வந்தவர்கள் உண்டு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட தென்னிந்தியர்களும் உண்டு. உங்கள் நண்பர்களின் குடும்பம் இதில் எந்த வழி என்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

அங்கிருந்து ஆப்ரவாசி காட், அதாவது ஒப்பந்தக் கூலிகள் கப்பலிலிருந்து வந்து இறங்கிய படித்துறை. இதற்கு ஒன்றரை மணி நேரமாவது கொடுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. சனிக்கிழமை அரை நாள்தான், ஞாயிறு மூடியிருக்கும்.

பார்வைக்கு அது சின்ன இடம், மொத்தமே 1,640 சதுர மீட்டர். கல் சுவர்கள், சில அறைகள், கடலிலிருந்து ஏறிவரும் படிகள். 1849இல் கட்ட ஆரம்பித்த குடியேற்றக் கிடங்கின் மிச்சம் இது. முன்பு கூலி காட் என்று சொல்வார்கள், 2006இலிருந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அடிமை முறையை ஒழிக்கத் தீர்மானித்ததும், கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று ஆங்கிலேய அரசு ஒப்பந்தக் கூலி முறையை முதலில் சோதித்துப் பார்த்த இடம் இந்தத் தீவு. 1834 நவம்பர் 2ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து அட்லஸ் என்ற கப்பலில் 36 பேர் வந்து இறங்கினார்கள். அந்தத் தேதி இன்றும் அரசு விடுமுறை. 1920 வரை கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் துறைமுகங்களிலிருந்து ஏறக்குறைய 5 லட்சம் பேர். இறங்கியவர்களை இரண்டு நாளாவது இங்கே வைத்திருந்து, பெயரெழுதி, எண் கொடுத்து, அப்புறம்தான் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள்.

அந்த எண்தான் முக்கியம். ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் எண், பெயர், கப்பல், ஊர், தகப்பன் பெயர் என்று எழுதினார்கள். 1860களிலிருந்து புகைப்படமும் எடுத்தார்கள். அந்தப் பதிவேடுகள் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் இருக்கின்றன. வம்சாவளியினர் விண்ணப்பித்தால் தேடித் தருவார்கள். கல்யாணமாகி நாலாவது வருஷம் என் கணவரின் அம்மா வழித் தாத்தாவின் அப்பாவை அப்படித் தேடி எடுத்தோம். ஒரே ஒரு தாள். அதில் ஊர் என்று எழுதியிருந்ததை, எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். வீட்டில் யாருக்கும் புரியவில்லை. நான் இரண்டு மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தின் பெயர் அது. பஸ்ஸில் எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். மாமியார் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன், ஆப்ரவாசி காட்டுக்கு நண்பர்களோடு போங்கள், தனியாக வேண்டாம். அவர்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு முறை வரிசையில் போய்ப் பார்த்துவிட்டு, அப்புறம் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் இருந்தால், அல்லது தேட ஆசைப்பட்டால், ஊர்ப் பெயரைக் கண்டுபிடிக்க உங்களால் உதவ முடியும். வேறு எந்தச் சுற்றுலாப் பயணியாலும் முடியாத உதவி அது.

ஆப்ரவாசி காட்டுக்குப் பக்கத்திலேயே பழைய ராணுவ மருத்துவமனைக் கட்டிடத்தில் அடிமை முறை பற்றிய அருங்காட்சியகம் இருக்கிறது. இதையும் தவறாமல் பாருங்கள். அடிமைகள் விடுதலையானது 1835 பிப்ரவரி 1. நம்மவர்கள் வந்தது அவர்கள் விட்ட இடத்துக்குத்தான். ஒரு கதையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவது இந்த ஊருக்குச் செய்கிற நியாயம் இல்லை.

இரண்டாவது காலை கோவில். இதில் ஒரு வரிசை உண்டு, தெரியாமல் பலர் சங்கடப்படுத்திவிடுகிறார்கள். இங்குள்ள தமிழர்கள் கவுச்சி சாப்பிட்ட நாளில் கோவில் வாசலை மிதிக்க மாட்டார்கள். விரதமாக இருப்பதைக் "கரேம்" என்பார்கள், கிறிஸ்தவர்களின் தவக்காலச் சொல்லை எல்லோரும் எடுத்துக்கொண்டது. நீங்கள் திடீரென்று மதியம் "கோவிலுக்குப் போகலாமா" என்று கேட்டால், காலையில் மீன் சாப்பிட்ட நண்பர் வெளியே வெயிலில் நின்றுகொண்டு உங்களை மட்டும் உள்ளே அனுப்புவார். ஆகவே முந்தின நாளே சொல்லிவைத்து, கோவிலை முதலில் முடித்துவிடுங்கள். சைனா டவுனில் நூடுல்ஸ், பிரியாணி எல்லாம் அதற்கு அப்புறம்.

போக வேண்டியது அபர்க்ராம்பி பக்கமுள்ள சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில். ஊரில் கைலாசம் கோவில் என்றால்தான் தெரியும். 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது, தீவின் மிகப் பழைய தமிழ்க் கோவில்களில் ஒன்று. கோபுரத்தைப் பார்த்ததும் உங்கள் அம்மா ஊருக்கே போய்விட்டதாக நினைப்பார். அங்கே நடக்கிற பேச்சு முழுவதும் கிரியோலில் இருக்கும். அந்த இடத்தில் ஒன்றைக் கேட்காமல் இருந்துவிடுங்கள்: "தமிழரா இருந்துட்டுத் தமிழ் தெரியாதா?"

நான் கேட்டிருக்கிறேன். வந்த புதிதில் என் நாத்தனாரிடம், சாதாரணமாகத்தான். அவள் பதில் சொல்லவில்லை, முகம் சின்னதாகிப் போனது. இரண்டு வாரம் கழித்து இதே கோவிலில் அவள் ஒரு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தேவாரம் பாடினாள். பிரெஞ்சு எழுத்தில் எழுதிய தேவாரம். ஒரு பக்கத்தையும் புரட்டாமல் ஏழு பாட்டு. அர்த்தம் பாதிதான் தெரியும் என்றாள். அவளுடைய பாட்டி வாயால் சொல்லிக் கொடுத்ததை அம்மா காதால் கேட்டு அந்த எழுத்தில் இறக்கியிருக்கிறார். ஐந்து தலைமுறை கடல் கடந்து ஒரு மொழியை வைத்துக்கொள்ள எது முடிந்ததோ அதைச் செய்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்பதில்லை, ஊரிலிருந்து வருகிறவர்களையும் கேட்க விடுவதில்லை. உங்கள் நண்பர்கள் சென்னையில் படித்தவர்கள், நன்றாகப் பேசுவார்கள். ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போவீர்கள். அங்கே பாட்டி "வணக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்தால், நீங்களும் வணக்கம் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் அம்மாவுக்கும் அவருக்கும் பேச்சு எப்படியாவது நடந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

கோவிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் சென்ட் க்ருவா. அங்கே பேர் லவால் என்ற பாதிரியாரின் சமாதி இருக்கிறது. விடுதலையான அடிமைகளுக்காக உழைத்து 1864இல் இறந்தவர். செப்டம்பர் 8ஆம் தேதி இரவு தீவு முழுவதிலிருந்தும் நடந்தே வருவார்கள், நெற்றியில் விபூதியோடு வருகிறவர்களும் உண்டு. நம் ஊர் வேளாங்கண்ணி போல என்று அம்மாவிடம் சொன்னால் போதும்.

மற்றவற்றை நேரம் இருந்தால் பாருங்கள். கௌடான் என்பது கடலோரக் கடைத்தெரு, நிழலில் உட்கார நல்லது. அங்குள்ள புளூ பென்னி மியூசியத்தில் 1847ஆம் வருடத்து இரண்டு தபால்தலைகள், உலகப் புகழ் பெற்றவை. வெளிச்சம் பட்டு நிறம் போகாமலிருக்க, ஒவ்வொரு மணியிலும் 25ஆம் நிமிஷத்திலிருந்து 35 வரைதான் அசலுக்கு விளக்குப் போடுவார்கள், மற்ற நேரம் நகலைத்தான் பார்ப்பீர்கள். அந்தப் பத்து நிமிஷத்துக்குச் சரியாகப் போங்கள். டோடோ பறவையின் எலும்புக்கூடு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். சிட்டாடல் கோட்டையில் பார்க்க வேண்டியது கோட்டை அல்ல, அங்கிருந்து தெரிகிற ஊர்: ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் உச்சியில் உருண்டைக் கல்லைத் தாங்கி நிற்கும் பீட்டர் போத் மலை, கீழே ஷான் த மார்ஸ் குதிரைப் பந்தய மைதானம். 1812இலிருந்து அங்கே பந்தயம் நடக்கிறது. 1968 மார்ச் 12 அன்று நாட்டுக் கொடி முதலில் ஏறியதும் அந்தப் புல்தரையில்தான். கோட்டைக்கு ஏற்றம் அதிகம், அம்மாவோடு என்றால் டாக்ஸி பிடியுங்கள்.

நண்பர்களுக்குத் தொந்தரவு பற்றிக் கேட்டீர்கள். இரண்டு காலையும் 12 மணிக்குள் முடித்துவிட்டால் அவர்களுக்குப் பாதி நாள் விடுப்பு போதும். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், மறுக்காதீர்கள். வெளிச் சாப்பாட்டுக்கு நீங்கள் பணம் கொடுக்க முயன்றால் விடமாட்டார்கள், சந்தைச் செலவை மட்டும் முந்திக்கொண்டு நீங்கள் கொடுத்துவிடுங்கள்.

கையில் என்ன கொண்டுபோவது என்று அடுத்தபடி கேட்பீர்கள். பழம், செடி, விதை எதுவும் வேண்டாம், விமான நிலையத்தில் அனுமதி கேட்பார்கள். நீங்கள் வந்து போனபின் கொஞ்ச நாளில் தைப்பூசம். இங்கே அதைக் கவதி என்பார்கள், அரசு விடுமுறை, பத்து நாள் கடும் விரதம். காவடி எடுப்பவர்களுக்கு இந்தத் தீவில் ராணி கலர், அந்த அடர்ந்த ரோஜா நிறம். அந்த நிறத்தில் நல்ல பருத்திப் புடவை ஒன்றும், நாலு முழ வேட்டித் துணி ஒன்றும் தி. நகரில் வாங்கிக்கொள்ளுங்கள். புடவையை நண்பரிடம் தராதீர்கள், அவர் அம்மா கையில் கொடுங்கள்.